பல பூனைகளோடு விமானத்தில் நாடு மாறுவது: முதல் மைக்ரோசிப்பிலிருந்து புது வீட்டு அறை வரை

டிக்கெட் விலை பார்க்கத் தொடங்குமுன், போகப்போகும் நாட்டின் கால்நடைத் துறையோ வேளாண் துறையோ வெளியிட்டிருக்கும் செல்லப்பிராணி இறக்குமதி விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடுங்கள். அதில் இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும். நீங்கள் புறப்படும் நாட்டை ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) விஷயத்தில் எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்? பூனையைப் பயணியோடு கேபினில் கொண்டுவரலாமா, கார்கோவாக மட்டும்தான் வரவேண்டுமா? இவை தெரியாமல் தேதி குறித்தால் பிறகு எல்லாமே தள்ளிப்போகும். ஒரே ஒரு பூனை என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். மூன்று, நான்கு என்று இருந்தால் ஒன்றின் தாமதம் மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிடும். அதனால் அட்டவணை போடும்போது, காகித வேலையில் எந்தப் பூனை மிகவும் பின்தங்கியிருக்கிறதோ அதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

எவ்வளவு காலம் பிடிக்கும்

ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து போனால், முதல் ரேபீஸ் தடுப்பூசி போட்டு 21 நாள் கழிந்தால் போதும். பட்டியலில் இல்லாத நாடு என்றால், தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபீஸ் எதிர்ப்பொருள் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருந்த பிறகே நுழைய முடியும். ஆக மொத்தம் நான்கு மாதத்துக்குக் குறையாது.

ஜப்பான் இன்னும் கறார். ரேபீஸ் உள்ள நாடுகளிலிருந்து வரும் பூனைக்குக் குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு தடுப்பூசி, அதன்பின் ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. வந்திறங்க 40 நாளுக்கு முன்பே முன்னறிவிப்பும் கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்குள் பூனையை விட்டுவிடுவார்கள். குறை இருந்தால் 180 நாள் வரை அவர்களுடைய தனிமைக் காப்பகத்தில் இருக்க நேரலாம். ஆஸ்திரேலியாவுக்கு இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். பூனைகள் மெல்போர்ன் வழியாகப் போய் மிக்கில்ஹாம் தனிமைக் காப்பகத்தில் குறைந்தது 10 நாள் இருக்க வேண்டும். அவர்கள் அங்கீகரிக்காத நாட்டிலிருந்து நேரடியாக அனுப்பவே முடியாது. அங்கீகரித்த இன்னொரு நாட்டுக்குப் போய்த்தான் அங்கிருந்து அனுப்ப வேண்டும்.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ஓர் ஆளோடு 5 செல்லப்பிராணிகள் வரைதான் வணிகம் அல்லாத பயணமாக ஏற்கும். ஆறாவது பூனை இருந்தால் வணிக இறக்குமதி விதிகள் வந்து சேரும். அவற்றுக்கான காகித வேலையே வேறு. குடும்பத்தில் இரண்டு பேர் பயணம் செய்தால் பூனைகளை இருவர் பெயரிலும் பிரித்து எழுதுங்கள். உரிமையாளரும் பூனையும் வெவ்வேறு நாளில் பயணம் செய்தால் இடைவெளி 5 நாளுக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு.

நாடு அனுமதித்தாலும் வீடு அனுமதிக்குமா என்று கேளுங்கள். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில், 2024 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, இரண்டு பூனைகள்தான் வைத்துக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தத்தில் பூனைகளின் எண்ணிக்கையை எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். "செல்லப்பிராணி வைத்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னது ஒரு பூனையை மனதில் வைத்தும் இருக்கலாம்.

சிப், ஊசி, ரத்தம்: இந்த வரிசை மாறக்கூடாது

முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாள எண் சிப்), பிறகு ரேபீஸ் தடுப்பூசி, அதன் பிறகே ரத்தம். சிப் பொருத்துமுன் போட்ட ரேபீஸ் ஊசியைப் பல நாடுகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஊசி போட்டுக்கொண்டது இந்தப் பூனைதான் என்பதற்கு அவர்களிடம் வேறு அடையாளம் இல்லை. பலர் இங்கேதான் மூன்று மாதத்தை இழக்கிறார்கள்: பூனைக்கு வருடாவருடம் ஊசி போட்டிருப்பார்கள், சிப் மட்டும் பயணத்துக்காக நேற்றுதான் பொருத்தியிருப்பார்கள். அப்படியானால் ரேபீஸ் ஊசியை மறுபடி போட்டு, நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்கத்தில், 134.2 கிலோஹெர்ட்ஸில் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். பழைய 9 அல்லது 10 இலக்கச் சிப் இருந்தால், அதைப் படிக்கும் ஸ்கேனரை நீங்களே கையில் கொண்டுபோக வேண்டும். இல்லையேல் புதிய சிப் ஒன்றையும் பொருத்தி, இரண்டு எண்களையும் எல்லாக் காகிதங்களிலும் எழுத வேண்டும். ரேபீஸ் ஊசி போடும்போது குட்டிக்கு 12 வாரமாவது நிறைந்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. குட்டி இருக்கும் வீட்டில் மொத்த அட்டவணையும் அதன் வயதைப் பொறுத்துத்தான் அமையும்.

பூஸ்டர் (மறு ஊசி) தேதியைத் தவறவிடாதீர்கள். முந்தைய ஊசியின் காலம் முடிந்து ஒரு நாள் தாண்டினாலும் அடுத்தது முதல் ஊசியாகவே கணக்காகும், காத்திருப்பு மறுபடி தொடங்கும். எல்லாப் பூனைகளுக்கும் ஒரே நாளில் பூஸ்டர் போட்டுவிட்டால் ஒரே ஒரு தேதியை நினைவில் வைத்தால் போதும்.

ரத்தப் பரிசோதனையில் நான்கில் மூன்று தேறி ஒன்று மட்டும் 0.5-க்குக் கீழே நின்றுவிடுவது நடக்கக்கூடியதுதான். முக்கியமாக, வாழ்நாளில் ஒரே ஒரு ரேபீஸ் ஊசி மட்டும் போட்ட பூனைக்கு இது நேரலாம். இரண்டு ஊசி போட்ட பின் ரத்தம் எடுப்பது பாதுகாப்பு. அதற்கும் மேலே, அட்டவணையில் கூடுதலாக இரண்டு மாதம் விட்டுவையுங்கள். தேறாத பூனைக்கு மறுபடி ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வர அந்த இரண்டு மாதம் தேவைப்படும்.

காகிதங்கள் கலந்துபோகாமல் பார்த்துக்கொள்வது

இரண்டு கறுப்புப் பூனைகள், இரண்டும் பெட்டை, வயதும் கிட்டத்தட்ட ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மேசையில் இரண்டு தடுப்பூசிப் புத்தகங்கள், சிப் எண்ணும் பார்கோடும் அச்சிட்ட ஒட்டுத்தாள் பட்டைகள் இரண்டு. ஒரே நாளில் ஒரே ஆசுபத்திரியில் பொருத்திய சிப்புகளின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களாகவே இருக்கும்; கடைசி இலக்கம் ஒன்றுதான் வேறு. ஒரு ஒட்டுத்தாள் இடம் மாறி ஒட்டப்பட்டால் போதும், வந்திறங்கும் இடத்தில் ஸ்கேனர் காட்டும் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் பொருந்தாமல் இரண்டு பூனைகளும் நிறுத்திவைக்கப்படும்.

ஆகவே ஊசி, ரத்தம், சான்றிதழ் என ஒவ்வொரு முறையும் முதலில் சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். திரையில் தெரியும் 15 இலக்கத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் காகிதத்தில் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். ஒரு பூனையின் வேலை முழுவதும் முடிந்து, அதைப் பெட்டிக்குள் விட்டுப் பூட்டிய பிறகே அடுத்த பூனையை வெளியே எடுங்கள். ஆசுபத்திரி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பூனைக்கும் ஒரு நிறம் ஒதுக்கிவிடுவது நன்றாக வேலை செய்கிறது. சிவப்புக் கோப்பு, சிவப்புக் கழுத்துப்பட்டை, கூண்டில் சிவப்பு நாடா. கோப்புக்குள் முதல் பக்கத்தில் பூனையின் புகைப்படம், பெயர், பிறந்த தேதி, நிறம், பாலினம், சிப் எண். அதன் பின்னால் ரேபீஸ் சான்றிதழ், ஆய்வக முடிவு, இறக்குமதி அனுமதி, நலச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். பூனையின் நிறத்தை ஒரு காகிதத்தில் "சாம்பல்" என்றும் இன்னொன்றில் "நீலம்" என்றும் எழுதவிடாதீர்கள். பிறந்த தேதி தோராயமாகத்தான் தெரியும் என்றால் ஒன்றை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

கடைசியில் வருவது அரசு கால்நடை மருத்துவரின் நலச் சான்றிதழ். இதன் ஆயுள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அது கையெழுத்தாகி 10 நாளுக்குள் நீங்கள் அங்கே நுழைந்தாக வேண்டும். அரசு விடுமுறைகள், சனி, ஞாயிறு எல்லாம் பார்த்து நாள் குறியுங்கள். எல்லாப் பூனைகளையும் ஒரே சான்றிதழில் எழுதும் வழக்கமும் உண்டு. தனித்தனியாகத் தருவார்கள் என்றால் தனித்தனியாகவே வாங்குங்கள். ஒன்றில் பிழை இருந்தால் மற்றவையாவது தடையில்லாமல் போய்ச்சேரும்.

கேபினா, கீழ் அறையா, கார்கோவா

கேபினில் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரு பயணிக்கு ஒரு பெட்டிதான் அனுமதிக்கும். பூனையும் பெட்டியும் சேர்த்து 7 அல்லது 8 கிலோ என்பது பரவலாகக் காணும் வரம்பு. அதற்கு மேல், ஒரு விமானத்துக்கு இத்தனை பிராணிகள்தான் என்ற மொத்த எண்ணிக்கையும் உண்டு. அதனால் முதலில் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பூனைகளுக்கு இடம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அதே அழைப்பில் டிக்கெட்டை முடியுங்கள். பூனைகள் முன்பதிவில் சேர்க்கப்பட்டதாக எழுத்தில் வாங்குங்கள்.

விமானத்தின் அடியில் சாமான் ஏற்றும் கீழ் அறையில் பயணியின் பெட்டி படுக்கையோடு பதிவுசெய்து அனுப்புவது இரண்டாவது வழி. மூன்றாவது, ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) போட்டுக் கார்கோவாக அனுப்புவது. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் பூனைக்குக் கார்கோ ஒன்றே வழி. விமானத்தில் பிராணிகளை ஏற்றும் அறையிலும் கேபினைப் போலவே காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது, வெப்பமும் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆபத்து அதிகம் இருப்பது தரையில்தான்: வெயிலில் ஓடுதளத்தில் காத்திருக்கும் நேரம், விமானம் மாற்றும் நேரம். ஆகையால் கோடையில் இரவு விமானத்தையும், எப்போதும் நேரடி விமானத்தையும் தேர்ந்தெடுங்கள். மாறித்தான் போக வேண்டும் என்றால் ஃபிராங்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் போலப் பிராணிகளுக்கென்று தனிக் காப்பிடம் உள்ள விமான நிலையம் வழியாகப் போவது மேல். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்கவே வேண்டாம். இடையில் பூனையை வெளியே எடுத்து மறுபடி பதிவுசெய்ய வேண்டிவந்தால், அந்த இடைநாட்டின் இறக்குமதி விதிகளும் உங்கள் தலையில் விழும்.

ஒருவர் மட்டும், மூன்று நான்கு பூனைகள் என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரடி விமானத்தில் கார்கோவாக அனுப்பி, அதே நாளில் நீங்களும் பறப்பதுதான் எங்கள் பரிந்துரை. ஒன்றைக் கேபினிலும் மற்றதைக் கீழேயும் வைத்தால் இரண்டு கவுண்டர்களில், இரண்டு நேரங்களில் நிற்க வேண்டிவரும், இறங்கும்போதும் அதே அலைச்சல்.

பாரசீகம், எக்சாடிக், ஹிமாலயன் போன்ற சப்பை மூக்குப் பூனைகளைக் கீழ் அறையில் ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் பல. சூட்டிலும் பதற்றத்திலும் அவற்றுக்கு மூச்சுவிடுவது கடினம் என்பதால் அந்த மறுப்பு நியாயமானதே. அப்படி ஒன்று இருந்தால் கேபின் இடத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

கூண்டு

கீழ் அறைக்கும் கார்கோவுக்கும் ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதிப்படியான கடினக் கூண்டு வேண்டும். அளவெடுக்கும் முறை இது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளம், தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உள்ள உயரம், தோள்பட்டையின் அகலம், நிற்கும்போது தரையிலிருந்து காது நுனி வரை உள்ள உயரம். கூண்டின் நீளம் முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டியது. அகலம் தோள்பட்டையைப் போல இரண்டு மடங்கு. உயரம் கடைசி அளவும் விரிப்பின் தடிமனும் சேர்ந்தது. உடல் 46 செ.மீ., முழங்கை 16 செ.மீ., தோள் 13 செ.மீ., காது வரை 33 செ.மீ. உள்ள பூனைக்குக் குறைந்தது 54 நீளம், 26 அகலம், விரிப்போடு 35 உயரம் வருகிறது. இவை உள்ளளவுகள். கடையில் விளம்பரப்படுத்துவது பெரும்பாலும் வெளியளவு, ஏமாந்துவிடாதீர்கள். சப்பை மூக்குப் பூனைக்கு 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கதவு உலோகக் கம்பிவலையாக இருக்கட்டும். மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளாஸ்டிக் கிளிப்பால் கவ்வியிருக்கும் கூண்டானால் அவற்றைக் கழற்றிவிட்டு உலோக போல்ட்டும் நட்டும் போடுங்கள். நான்கு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்ப முடிய வேண்டும்.

ஒரே அளவுள்ள, சேர்ந்து வாழ்ந்து பழகிய இரண்டு பூனைகளை ஒரே கூண்டில் அனுப்ப ஐயாட்டா விதி இடம் தருகிறது. அப்போது அகலம் தோள்பட்டையைப் போல மூன்று மடங்கு. விதி அனுமதித்தாலும் செய்யாதீர்கள். வெளியே கேட்கும் சத்தத்தில் மிரண்ட பூனை, பக்கத்தில் இருப்பது கூடப்பிறந்ததே ஆனாலும் அதன்மேல் பாயும். தப்பியோட இடமில்லாத கூண்டில் அது ரத்தக் காயத்தில் முடியும்.

கூண்டுகளை இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கி, கதவைக் கழற்றி, வீட்டுக்குள் பூனைகள் விரும்பும் இடத்தில் வையுங்கள். உள்ளே பழைய துணி. சில நாளில் சாப்பாட்டை உள்ளே வைக்கத் தொடங்குங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டி, ஒரு நிமிடம் மூடித் திறங்கள். பிறகு பத்து நிமிடம், அரை மணி, காரில் ஒரு சுற்று. யாருக்கு எந்தக் கூண்டு என்பதைப் பூனைகளே முடிவுசெய்துவிடும். அதற்கேற்ப நிற நாடாவை ஒட்டினால் போதும்.

மயக்க மருந்து வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் குறையும், உடம்பு சமநிலை இழக்கும், கீழ் அறையில் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. மயக்கத்தில் உள்ள பிராணியை ஏற்க நிறுவனங்கள் மறுத்துவிடும். கேபினில் வரும் மிகவும் பயந்த பூனைக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து தரலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அவர் தந்தால், பயணத்துக்குச் சில வாரம் முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்து, எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

புறப்படும் நாள்

முந்தைய இரவே எல்லாப் பூனைகளையும் ஒளிய இடமில்லாத ஓர் அறையில் அடைத்துவிடுங்கள். கட்டிலுக்குள்ளும் அலமாரிக்குப் பின்னாலும் போய்ப் பதுங்கிய கடைசிப் பூனையைத் தேடி விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. புறப்பட 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் கொஞ்சமாகச் சாப்பாடு. தண்ணீரை நிறுத்த வேண்டாம். கூண்டில் மாட்டும் கிண்ணத்தில் இரவே தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிட்டால், ஏற்றும்போது சிந்தாமல் மெல்ல மெல்லக் கரையும். தரையில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு இரண்டு அடுக்கு, மேலே துவைக்காத பழைய போர்வை ஒன்று. லிட்டர் மணலைக் கூண்டுக்குள் கொட்டாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும் போகும்.

கூண்டின் மேல் பூனையின் பெயர், சிப் எண், இரண்டு நாட்டுத் தொலைபேசி எண்கள். சோதனைக்காகக் கார்கோ ஊழியர்கள் கூண்டுக் கதவைக் கட்டியிருக்கும் கேபிள் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) வெட்டினால் மறுபடி கட்ட, கூடுதலாக நான்கைந்தைக் கூண்டின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

கேபினில் போகிறவர்கள் பயப்பட வேண்டிய ஒரே இடம் பாதுகாப்புச் சோதனை. பெட்டி காலியாக எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும், பூனையை நீங்கள் கையில் தூக்கிக்கொண்டு உலோகம் கண்டறியும் வாசலைக் கடக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போதே தனி அறையில் சோதிக்கக் கேளுங்கள். கதவு மூடிய அறை என்றால் பூனை கையை உதறிக் குதித்தாலும் அங்கேயே இருக்கும். வீட்டிலேயே ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் பூட்டும் வார்) மாட்டி, பட்டையைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருங்கள். ஒரு கை மார்பின் கீழ், மறு கையில் இரண்டு பின்னங்கால்களும். ஒரு பூனை போய்த் திரும்பப் பெட்டிக்குள் பூட்டப்பட்ட பிறகே அடுத்த பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டு பேர் போனாலும் ஒரே நேரத்தில் இரண்டு பூனைகள் வெளியே இருக்கக்கூடாது.

விமானத்தில் செய்ய அதிகம் இல்லை. பெட்டியைத் திறக்காதீர்கள், மேலே மெல்லிய துணி போர்த்துங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருப்பது பெரும்பாலான பூனைகளுக்குப் பிரச்சினை இல்லை.

போய்ச்சேர்ந்த பிறகு

இறைச்சி கலந்த பூனை உணவைப் பல நாடுகள் பயணப் பையில் அனுமதிப்பதில்லை. அதே வகை உணவு அங்கே கிடைக்குமா என்று முன்பே பார்த்து வைத்து, கிடைக்காது என்றால் புறப்படுமுன் பல வாரம் எடுத்துப் புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள்.

புது வீட்டில் முதல் நாள் ஒரே ஒரு சிறிய அறை போதும். ஜன்னலை நன்றாக மூடி, இண்டு இடுக்குகளை அடைத்து, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக லிட்டர் பெட்டி வையுங்கள். வருடக்கணக்கில் ஒட்டி உறங்கிய பூனைகள் வந்திறங்கியதும் ஒன்றையொன்று பார்த்துச் சீறுவது சகஜம். ஒன்றின்மேல் மருந்து வாடை, இன்னொன்றின்மேல் சிறுநீர் வாடை. ஒருவரையொருவர் அடையாளம் காணும் பழைய வாடை போய்விட்டது. ஆகவே கூண்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறக்காமல் அமைதியானதை முதலில் விடுங்கள். அரை மணி கழித்து அடுத்தது. கடும் சீறல் தொடர்ந்தால் இரண்டு அறையாகப் பிரித்து, ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போட்டு, கதவிடுக்கின் இருபுறமும் சாப்பாடு வைத்துச் சில நாளில் சேருங்கள்.

முதல் நாள் சாப்பிடாமல் ஒளிந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பல பூனைகள் இருக்கும் வீட்டில் எது சாப்பிட்டது என்று தெரியாமல் போவதுதான் சிக்கல். தனித்தனிக் கிண்ணம் வைத்து, கூடவே நின்று பாருங்கள். ஒரு பூனை இரண்டு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பட்டினியில் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து பூனைகளுக்கு அதிகம், அதிலும் குண்டான பூனைக்கு இன்னும் அதிகம். கடுவன் பூனை லிட்டர் பெட்டியில் போய்ப் போய் முக்கி, சிறுநீர் வராமல் திரும்பினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம், அது உயிர்போகும் அவசரம்.

வெளியே போய்ப் பழகிய பூனைகளானாலும் மூன்று நான்கு வாரம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அதற்குள் ஒவ்வொரு சிப்பும் பதிவாகியிருக்கும் தரவுத்தளத்தில் புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள். புதிய நாட்டுக்குத் தனித் தரவுத்தளம் இருந்தால் அதிலும் ஒவ்வொரு பூனையையும் தனித்தனியாகப் பதிவுசெய்ய வேண்டும்.